ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள எஸ்.யூ.வி.க்கு எந்த ஸ்பிரிங்? உயரத்தை விடுங்கள், அழுத்தத்தைப் பாருங்கள்

வண்டியின் பின்பக்கம் தணிந்துவிட்டது, ஸ்பிரிங் மாற்ற வேண்டும். சாதாரண வண்டிக்கு இவ்வளவு சொன்னால் போதும். உயரத்தை அளந்து, எவ்வளவு தூக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற காயில் ஸ்பிரிங்கைப் போட்டால் வேலை முடிந்தது. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 100, லெக்சஸ் எல்.எக்ஸ் 470, எல்.எக்ஸ் 570 மாதிரி ஏ.எச்.சி. என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தேய்ந்துபோன ஸ்பிரிங்கோடும் வண்டி சரியான உயரத்தில் நிற்கும். தடித்த ஸ்பிரிங் போட்ட பிறகும் அதே உயரத்தில்தான் நிற்கும். பலரும் குழம்பி, தேவையில்லாத ஸ்பிரிங்கை வாங்குவது இதனால்தான்.

ஏ.எச்.சி. என்பது டொயோட்டாவின் ஹைட்ராலிக் உயரக் கட்டுப்பாட்டு அமைப்பு. லேண்ட் க்ரூஸர் 100-இல் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு), பின்னால் காயில் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஹைட்ராலிக் சிலிண்டர்கள். ஒவ்வொன்றோடும் நைட்ரஜன் அடைத்த ஓர் உருண்டை. பம்ப் ஆயிலைத் தள்ளினால் வண்டி உயரும், வால்வு திறந்து ஆயில் தொட்டிக்குத் திரும்பினால் வண்டி தாழும். சக்கரங்களுக்கு அருகே உள்ள உயர சென்சார்கள் சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் லோ, நார்மல், ஹை என்ற மூன்று நிலைகளில் ஒன்றில் வண்டியை நிறுத்தும். 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. எடை முழுவதையும் ஆயிலும் வாயுவும்தான் சுமந்தன. டொயோட்டா அவ்வளவு தூரம் போகவில்லை. எடையின் ஒரு பங்கை இரும்பு சுமக்கும், மீதியை ஆயில் சுமக்கும். ஸ்பிரிங் தேர்வு என்பது இந்தப் பங்கை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விதான்.

உயரம் கம்ப்யூட்டரின் கையில் இருப்பதால், ஸ்பிரிங் சோர்ந்து 30 கிலோ குறைவாகத் தாங்கினால் அந்த 30 கிலோவை ஆயில் ஏற்றுக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே அழுத்தம் மட்டும் ஏறும். ஸ்பிரிங்கை மாற்றினால் அந்த அழுத்தம் இறங்கும். ஆக, ஸ்பிரிங் போதுமா போதாதா என்பதற்கு இந்த வண்டியில் ஒரே சாட்சி ஆயில் அழுத்தம்.

அழுத்தம் ஏறினால் என்ன, வண்டிதான் நேராக நிற்கிறதே என்று கேட்கலாம். சவாரி கெட்டுப்போகும். உருண்டைக்குள் இருக்கும் நைட்ரஜனும் ஒரு ஸ்பிரிங்தான். அழுத்தம் கூடக்கூட அது சுருங்கி, சின்ன இடத்துக்குள் நெருங்கி உட்காரும். சுருங்கிய வாயு விறைப்பாக இருக்கும். கணக்குப்படி, வாயு தரும் விறைப்பு அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: அழுத்தம் 20 சதவீதம் ஏறினால் விறைப்பு 44 சதவீதம் ஏறும். சின்னப் பள்ளத்தில்கூடப் பின்பக்கம் டக்கென்று அடிப்பது, ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பு வலிப்பது, ஹை நிலைக்குப் போக நெடுநேரம் எடுப்பது எல்லாம் இதன் விளைவு. வண்டி ஏற்கெனவே கல் மாதிரி ஓடுகிறது, இதில் தடித்த ஸ்பிரிங்கா என்று பயப்படுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சரியான அளவு தடித்த ஸ்பிரிங் போட்டால் இந்த வண்டி முன்பைவிட மெத்தென்று ஓடும்.

வாங்கும் முன் மூன்று அளவுகள்

முதலில் உயரம். ஸ்பிரிங் தேர்வுக்கு இது உதவாவிட்டாலும் அழுத்தத்தைப் படிக்கும் முன் உயரம் சரியாக இருந்தாக வேண்டும். லேண்ட் க்ரூஸர் 100-ஐச் சமதரையில் நிறுத்தி நார்மலில் வைத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தால் முன்னால் ஏறக்குறைய 50 செ.மீ., பின்னால் 52 செ.மீ. இருக்கும். டயர் அளவு மாறினாலும் இந்த எண் மாறாது. அதனால்தான் தரையிலிருந்து அளப்பதில்லை. யாராவது சென்சார் கம்பியைத் திருப்பி வண்டியைத் தூக்கி வைத்திருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் அழுத்தம். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும் அதற்கான கேபிளும் இருந்தால் லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினை ஓட்டி, வண்டியை ஒருமுறை லோவுக்கும் ஹைக்கும் அனுப்பி நார்மலுக்குத் திரும்ப விடுங்கள். வண்டி அசைந்து நின்றதும் திரையில் முன், பின் அழுத்தங்கள் ஒரு எண்ணில் வந்து நிற்கும். நல்ல நிலையில் உள்ள லேண்ட் க்ரூஸர் 100-இல் 6, 7 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) ஒட்டி வரும். உங்கள் மாடலுக்கான சரியான வரம்பு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. பார்க்கும்போது பெட்ரோல் டாங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது, பின்னால் என்ன சாமான் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 96 லிட்டர் டாங்க் நிரம்பியிருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் 70 கிலோ வித்தியாசம். அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு நாள் அளவுகளை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

மூன்றாவது, உருண்டைகள் உயிரோடு இருக்கின்றனவா என்பது. ஆயில் தொட்டியில் கோடுகள் போட்டிருக்கும். வண்டி ஹையில் நிற்கும்போது ஆயில் எந்தக் கோட்டில் இருக்கிறது, லோவில் நிற்கும்போது எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். லேண்ட் க்ரூஸர் 100-இல் புது உருண்டைகளோடு இந்த வித்தியாசம் 14 கோடுகள் வரை வரும். 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் நைட்ரஜன் போய்விட்டது, உருண்டைகளை மாற்றும் நேரம் வந்தாயிற்று. அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டாலும் பின்பக்கம் அடிப்பது நிற்காது. வாயு இல்லாத உருண்டையில் ஆயில் நகர இடமே இல்லை. கையில் காசு ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது, உருண்டையும் போயிருக்கிறது என்றால் ஸ்பிரிங்கைத் தள்ளிப்போடுங்கள்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

ஸ்பிரிங் விற்பவர்கள் '100 கிலோ வரை', '200 கிலோ வரை' என்று பட்டியல் போடுவார்கள். அந்த எடை ஆக்சிலுக்கு நேர் மேலே இருக்கிறதா, பின்னால் தொங்குகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. லேண்ட் க்ரூஸர் 100-இன் வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைத் தூரம், 2,850 மி.மீ. பின் ஆக்சிலுக்கு 1.1 மீட்டர் பின்னால் ஸ்டெப்னி தாங்கியோடு 100 கிலோ இரும்பு பம்பர் மாட்டினால், நெம்புகோல் கணக்கில் பின் ஆக்சிலுக்குப் போவது 139 கிலோ. கூடுதலான 39 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலிலிருந்து. முன்பக்கம் அவ்வளவு லேசாகிவிடும். பின்னால் எடை ஏற்றிய பிறகு முன் அழுத்தம் இறங்கியிருப்பதைப் பார்த்து மெக்கானிக் குழம்பினால் காரணம் இதுதான்.

இனி ஒரு கற்பனை வண்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், போக்கு இப்படித்தான் இருக்கும். பின்னால் ஒரு பக்கத்துக்கு 500 கிலோ. அதில் ஸ்பிரிங் 300, ஆயில் 200. ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 2 கிலோ, நார்மல் உயரத்தில் அது 150 மி.மீ. அமுங்கி நிற்கிறது. சிலிண்டர் தண்டின் பரப்பு 3 சதுர செ.மீ. அப்படியானால் ஆயில் அழுத்தம் 6.5 மெகாபாஸ்கல், ஒவ்வொரு மெகாபாஸ்கலும் பக்கத்துக்கு 30 கிலோ.

மேலே சொன்ன பம்பரை மாட்டுங்கள். பக்கத்துக்கு 70 கிலோ கூடுகிறது. வண்டி உயரம் மாறாது, ஆனால் அழுத்தம் 8.8-க்கு ஏறும். வாயுவின் விறைப்பு 80 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. இந்த 70 கிலோவை இரும்பின் பக்கம் திருப்ப என்னென்ன வழி இருக்கிறது?

பழைய ஸ்பிரிங்கே போதுமா?

புதிதாக அதே கம்பெனி ஸ்பிரிங் போடுவது முதல் வழி. கூடுதல் எடை எதுவும் இல்லாமல், வயதால் மட்டும் அழுத்தம் ஏறிய வண்டிக்கு இது நேர்மையான தீர்வு. உருவாக்கியவர்கள் நினைத்த சவாரி திரும்ப வரும். பம்பர், டிராயர், கூடுதல் டாங்க் என்று நிரந்தரச் சுமை ஏறிய வண்டிக்கு இதில் பயன் குறைவு. வயது தின்ற கிலோக்கள் திரும்பும், பம்பரின் கிலோக்கள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி ஸ்பேசர். ஸ்பிரிங்கின் மேலே 10, 20, 30 மி.மீ. கனத்தில் ஒரு வளையம். சாதாரண வண்டியில் இது உயரம் தூக்கும் குறுக்கு வழி, ஏ.எச்.சி.யில் உயரம் மாறாததால் ஸ்பிரிங்கை அவ்வளவு கூடுதலாக அமுக்கி வைக்கும். நம் கணக்கில் 30 மி.மீ. ஸ்பேசர் பக்கத்துக்கு 60 கிலோவை ஆயிலிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பம்பரின் 70-இல் கிட்டத்தட்ட முழுவதும்! ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு துளியும் கூடவில்லை, அதனால் சவாரியும் கெடவில்லை.

ஸ்பேசரை மட்டமான வேலை என்று ஒதுக்குபவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஸ்பிரிங் வயதாகும்போது அதன் விறைப்பு குறைவதில்லை. எஃகின் நெகிழ்ச்சித் தன்மை அப்படியே இருக்கும். குறைவது அதன் நீளம். கழற்றி எடுத்த பழைய ஸ்பிரிங்கைப் புதியதின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும்: கம்பியின் கனம் ஒன்று, சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்று, உயரத்தில் மட்டும் ஒரு விரல் கட்டை குறைவு. 15 மி.மீ. சோர்ந்த ஸ்பிரிங்குக்கு 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் புது ஸ்பிரிங் செய்யும் அதே வேலையை அது செய்யும். அடிச் சுற்றில் பெயின்ட் உரிந்து, வால் நுனியில் துரு குழி குழியாகத் தின்றிருந்தால் மட்டும் இந்த மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். அந்தக் குழியிலிருந்துதான் ஒருநாள் முறியும்.

ஸ்பேசருக்கு ஓர் எல்லையும் உண்டு. சக்கரம் முழுவதும் மேலே ஏறி பம்ப் ஸ்டாப்பில் (அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் கட்டையில்) முட்டும்போது ஸ்பிரிங் 30 மி.மீ. கூடுதலாக அமுங்கியிருக்கும். சுற்றோடு சுற்று ஒட்டிவிட்டால் இரும்புத் தூணாகிவிடும். கம்பி 16 மி.மீ., மொத்தச் சுற்றுகள் 9 என்றால் ஒட்டும் உயரம் 144 மி.மீ. பம்ப் ஸ்டாப் முட்டும் நிலையில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் அதைவிட அதிக உயரம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் 30-ஐத் தொட வேண்டும். 10, 20-இல் இந்தக் கவலை பெரும்பாலும் வராது.

ஏ.எச்.சி.க்கென்றே செய்த தடித்த ஸ்பிரிங்

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், நிரந்தரச் சுமை உள்ள வண்டி என்றால். லேண்ட் க்ரூஸர் 100-இன் பின்பக்கத்துக்கு ஆஸ்திரேலிய கிங் ஸ்பிரிங்ஸ் செய்யும் கே.டி.ஆர்.எஸ்-79 இந்த வகையில் பெயர் பெற்றது. இதைத் தூக்கும் ஸ்பிரிங் என்று நினைத்து வாங்க வேண்டாம். கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும், அவ்வளவுதான். ஏ.எச்.சி. வண்டிக்கு அந்தக் 'கொஞ்சம்'தான் தேவை.

ஸ்பிரிங்கில் கொஞ்சம் என்பது எவ்வளவு நுட்பமான அளவு என்று பார்க்க வேண்டும். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பக் கூடும். மற்ற அளவுகள் மாறாமல் 15 மி.மீ. கம்பிக்குப் பதில் 16 மி.மீ. கம்பியில் சுற்றினால் 29 சதவீதம் அதிக விறைப்பு. கண்ணால் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலை செய்யும் சுற்றுகளை 8-இலிருந்து 7-ஆகக் குறைத்தால் 14 சதவீதம். 'கொஞ்சம் தடிமன்தான் சார்' என்று கடைக்காரர் சொல்வதை இந்தக் கணக்கோடு கேளுங்கள். மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ, தனியே நிற்கும்போது நீளம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

நம் கற்பனை வண்டியில் அதே நீளமுள்ள, 15 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பக்கத்துக்கு 45 கிலோ கூடுதலாகத் தாங்கும். அழுத்தம் 8.8-இலிருந்து 7.4-க்கு இறங்கும். இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமா? அதன் மேலே 10 மி.மீ. ஸ்பேசர்: இன்னொரு 23 கிலோ, கிட்டத்தட்ட 6.5-க்கே திரும்பிவிட்டோம். ஸ்பிரிங்கால் பெரிய பங்கு, ஸ்பேசரால் நுணுக்கம். முன்பக்கத்தில் டார்ஷன் பாரின் போல்ட்டைத் திருகி அழுத்தத்தைச் சரிசெய்ய முடியும். பின்பக்கத்தில் அந்த வசதி இல்லை, ஸ்பேசர்தான் அந்த வேலையைச் செய்கிறது.

ஸ்பேசர் மட்டும் போட்ட வண்டிக்கும் இதற்கும் ஓட்டத்தில் என்ன வேறுபாடு? நிரந்தரச் சுமைக்கு மேல் இன்னும் நாலு பேரும் சாமானும் ஏறும்போது விறைப்பான ஸ்பிரிங் பள்ளத்தில் அவ்வளவு சீக்கிரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடாது. வளைவில் சாய்வதும் ஓரளவு குறையும். ஆளில்லாமல் தனியாக ஓட்டும்போது ஸ்பேசர் வண்டி சற்று மென்மையாக இருக்கும். சுற்றுகளின் இடைவெளி மாறி மாறி வரும் முற்போக்கு ஸ்பிரிங்குகளும் கிடைக்கின்றன. இந்த வண்டியில் அவற்றால் பெரிய லாபம் இல்லை. சுமை ஏற ஏற விறைப்பு கூடும் வேலையை நைட்ரஜன் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. ஒரே சீரான ஸ்பிரிங்கே போதும்.

கடையில் எளிதாகக் கிடைக்கும் பொறி

ஏ.எச்.சி. இல்லாத லேண்ட் க்ரூஸர் 100-க்கான ஹெவி டியூட்டி ஸ்பிரிங்குகள் ஏராளம். அளவு பொருந்தும், இருக்கையில் சரியாக உட்காரும். விலையும் சில சமயம் குறைவாக இருக்கும். ஆனால் அவை முழு எடையையும் தாமே தாங்கச் செய்யப்பட்டவை. ஆயிலுக்குப் பங்கு ஒதுக்கவில்லை.

கணக்கில் வைத்துப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு 3.5 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங், அதே 150 மி.மீ. அமுக்கத்தில், 525 கிலோ தாங்கும். பம்பர் இல்லாத நம் வண்டியில் ஒரு பக்கத்தில் இருப்பதே 500. ஆயிலுக்கு வேலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. ஹைட்ராலிக்குக்கு மேலே தள்ளத்தான் தெரியும், கீழே இழுக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் ஆயிலைத் திறந்துவிட்டுப் பார்க்கும், வண்டி இறங்காது. லோ நிலை போய்விடும், நார்மலிலேயே பின்பக்கம் தூக்கி நிற்கும். அழுத்தம் மிகவும் குறைந்தால் உருண்டைக்குள் வாயு முழுவதும் விரிந்து, அதையும் ஆயிலையும் பிரிக்கும் சவ்வு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும், வண்டியின் ஆட்டத்தைத் தணிக்கும் வேலையும் ஒழுங்காக நடக்காது. அதிக அழுத்தம் எவ்வளவு கெடுதலோ குறைந்த அழுத்தமும் அவ்வளவு கெடுதல். இந்த வகை ஸ்பிரிங்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு விதிவிலக்கு தவிர.

அந்த விதிவிலக்கு, ஏ.எச்.சி.யையே கழற்றிவிடுபவர்கள். பம்ப் போய், குழாய்கள் துருவேறி, சிலிண்டர் கசிந்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட மனமில்லாதவர்களுக்கு அது ஒரு நியாயமான வழி. பின்னால் சாதாரண காயில், முன்னால் ஏ.எச்.சி. இல்லாத வண்டியின் தடித்த டார்ஷன் பார், நான்கு புது ஷாக் அப்சார்பர். மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாதி மாற்றிப் பாதியை விட்டால் வண்டி முன்னும் பின்னும் வேறு வேறு தாளத்தில் ஆடும். பராமரிப்பு எளிது, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். இழப்பும் சிறியதல்ல. லேண்ட் க்ரூஸர் 100-இன் இந்த அமைப்பு உயரத்தை மாற்றுவதோடு, ஸ்கைஹுக் என்ற பெயரில் 16 படிகளில் தணிப்பையும் ஓடும்போதே மாற்றிக்கொண்டிருக்கும். கழற்றினால் இரண்டும் போச்சு. நல்ல நிலையில் இருக்கும் ஏ.எச்.சி.யை, ஸ்பிரிங் தேர்வு குழப்பமாக இருக்கிறது என்பதற்காகக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எப்போதாவது மட்டும் சுமை ஏறுகிறதென்றால்

வார நாளில் காலியாக ஓடி, விடுமுறையில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் கச்சிதமாகப் பொருந்தாது. சுமைக்கேற்ற ஸ்பிரிங் போட்டால் மற்ற நாட்களில் அழுத்தம் தரையில் கிடக்கும். இங்கே காயிலுக்குள் வைக்கும் காற்றுப்பை வேலைக்காகும். ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் போன்றவை செய்கின்றன. டயருக்குக் காற்றடிப்பது போல அடித்துக்கொள்ளலாம். இந்த வகைப் பைகளுக்குப் பொதுவாக 5 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை; காலியாக ஓடும்போதும் 5-க்குக் கீழே விடக்கூடாது, பை மடிந்து கிழியும்.

தொல்லைகளும் உண்டு. பைக்கும் காயிலுக்கும் நடுவே மணல் புகுந்தால் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பம்ப் ஸ்டாப் காயிலுக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அதை வெட்டவோ கழற்றவோ வேண்டிவரும். அதில் எனக்கு விருப்பம் குறைவு. பை வெடித்த நாளில் ஆக்சில் சட்டத்தில் முட்டும். இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று எதிர்ப் பக்கம் ஓடும்.

சேற்றிலும் பாறையிலும் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சென்சாரைத் திருத்தி நார்மல் உயரத்தையே 3, 4 செ.மீ. கூட்டி வைக்கிறார்கள். செலவே இல்லாத தூக்கல் போலத் தெரியும். ஸ்பிரிங் அவ்வளவு நீண்டுவிடுவதால் அது தாங்கும் எடை குறைந்து, மீதி முழுவதும் ஆயிலின் தலையில் விழும். நம் கணக்கில் 30 மி.மீ. தூக்கினால் பக்கத்துக்கு 60 கிலோ, 2 மெகாபாஸ்கல். ஒரு கிலோகூடக் கூடுதலாக ஏற்றாமல் இவ்வளவு. சென்சாரைத் தூக்கினால் அதே அளவுக்கு ஸ்பேசரும் போட்டாக வேண்டும்.

மற்ற வண்டிகளுக்கு இதை அப்படியே எடுக்காதீர்கள்

எல்.எக்ஸ் 570-இல் முன்னாலும் காயில்தான். முன் சக்கரங்கள் தனித்தனியாக இயங்குவதால் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) நடுவில் உட்கார்ந்திருக்கும், சக்கரம் நகரும் அளவு அது நகராது. ஸ்பிரிங் சக்கரத்தின் 0.6 பங்கு நகர்ந்தால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு 0.36 பங்குதான். எனவே முன்பக்கத்துக்கான ஸ்பிரிங்கின் எண்ணும் பின்பக்க எண்ணும் ஒப்பிடத்தக்கவை அல்ல. டார்ஷன் பார் போல்ட்டும் இல்லாததால் முன்னும் பின்னும் ஸ்பேசரை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். வின்ச்சோடு இரும்பு பம்பரை முன்னால் மாட்டும் எண்ணம் இருந்தால் முன் ஸ்பிரிங்கையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

நிசான் பேட்ரோல் ஒய்62-இன் எச்.பி.எம்.சி., டொயோட்டாவின் கே.டி.எஸ்.எஸ். இரண்டும் ஹைட்ராலிக்தான், ஆனால் வேறு குடும்பம். முதலாவது நான்கு ஷாக்குகளையும் குழாய்களால் இணைத்து வண்டி சாய்வதைத் தடுக்கிறது. இரண்டாவது, வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார்களை ஆயிலால் கட்டுப்படுத்துகிறது. வண்டியின் எடையைத் தாங்குவது இரண்டிலும் ஸ்பிரிங்தான். அங்கே தடித்த ஸ்பிரிங் போட்டால் வண்டி உயரும், பழைய கணக்கு அப்படியே செல்லும். லேண்ட் க்ரூஸர் 200-இல் சிலவற்றில் ஏ.எச்.சி., சிலவற்றில் கே.டி.எஸ்.எஸ். வருவதால் மாடல் பெயரை மட்டும் சொல்லி ஸ்பிரிங் கேட்டால் தவறானது கைக்கு வர எல்லா வாய்ப்பும் உண்டு. உயரம் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

லேண்ட் க்ரூஸர் 100-இன் பின் ஸ்பிரிங்கை மாற்ற ஆயில் குழாயைத் திறக்கவே தேவையில்லை. ஏ.எச்.சி.யை ஆஃப் செய்துவிட்டு, சட்டத்தில் ஸ்டாண்டு கொடுத்து, சென்சார் கம்பியையும் சிலிண்டரின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஆக்சிலை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் வெளியே வரும். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று ஒரு கண் வையுங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது ஏ.எச்.சி. ஆனில் எஞ்சினை ஓட்டக்கூடாது. சக்கரம் தொங்குவதை வண்டி உயர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஆயிலை வெளியே விடும். புது ஸ்பிரிங்கின் பூச்சில் ஸ்பானர் கீறல் விழாமல் பாருங்கள், துரு அங்கேதான் பிடிக்கும்.

மாட்டியதும் மறுபடி டெக்ஸ்ட்ரீம். முதல் முறை பார்த்த அதே அளவு பெட்ரோல், அதே சாமான். பின் அழுத்தம் வரம்புக்குள் வந்திருந்தால் முன்பக்கத்தையும் பாருங்கள், தேவைப்பட்டால் டார்ஷன் பாரைத் திருத்துங்கள். லோவுக்கு அனுப்பினால் தயங்காமல் இறங்க வேண்டும்; தயங்கினால் ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும், அதனால் வரம்பின் கீழ்ப் பக்கத்தை ஒட்டி அழுத்தத்தை விட்டுவைத்து, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை அளந்து முடிவு செய்யலாம்.